மழலையர் அறைக்கு எந்தச் சாமான், எத்தனை, எப்படிச் செய்வது?

கேள்வி இது: குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு சிறிய மழலையர் பள்ளி. மூன்று முதல் ஐந்து வயது வரை 22 பிள்ளைகள். ஓர் அறை, ஒரு டீச்சர், ஓர் ஆயா. ஜூனில் திறப்பதற்குள் விளையாட்டு வழிக் கற்றல் சாமான்களுக்காகச் செலவழிக்க 4,000 ரூபாய் இருக்கிறது. கடையில் பிளாஸ்டிக் செட் வாங்கவா, கையால் செய்யவா? எது எத்தனை வேண்டும்?

4,000 ரூபாயில் நல்ல அறை அமைக்கலாம். ஆனால் வாங்கப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளின் சாமான்கள் இரண்டு வகை. ஒன்று, விடை உள்ளேயே இருக்கும் சாமான்: அளவு வரிசை, எண் பெட்டி, குலுக்கிப் பார்த்து ஒரே ஒலியுள்ள ஜோடியைத் தேடும் ஒலி டப்பா, ஜோடி சேர்ப்பது போன்றவை. பிள்ளை தப்பாகச் செய்தால் சாமானே காட்டிக்கொடுக்க வேண்டும். இது ஒவ்வொன்றிலும் ஒன்று இருந்தால் போதும்; ஆனால் ஒரு துண்டு கூடக் குறையக் கூடாது. இன்னொன்று, விடையே இல்லாத சாமான்: மரக்கட்டை, களிமண், மணல், தண்ணீர், துணி, சிரட்டை. இதில் வகை குறைவாக இருக்கலாம், எண்ணிக்கை தாராளமாக இருக்க வேண்டும். பத்து கட்டை இருந்தால் சண்டை நடக்கும், எழுபது இருந்தால் கட்டிடம் எழும்பும். பல பள்ளிகளில் இது தலைகீழாக இருக்கிறது. ஒரே மாதிரி பிளாஸ்டிக் பஸில் எட்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு காணாது. கட்டை ஒரு சின்ன டப்பா மட்டும் இருக்கும். உங்கள் பணத்தைப் பிரிக்கும்போது இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

22 பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ஏறக்குறைய 29 இடங்கள் வேண்டும். கட்டை மூலையில் 5 பேர், களிமண்ணில் 4, மணல் அல்லது தண்ணீரில் 4, வீடு அல்லது சந்தை மூலையில் 4, மீதி 12 தனித்தட்டுகள், அதாவது ஒரு பிள்ளை தனியாகச் செய்யும் வேலை வைத்த தட்டுகள். பிள்ளைகளை விட இடம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வேலையை முடித்த பிள்ளைக்கு அடுத்து எடுக்க ஏதாவது காலியாக இருக்க வேண்டும். சரியாக 22 மட்டும் இருந்தால், முடித்த பிள்ளை இன்னொருவர் கையில் இருப்பதைத்தான் பிடுங்கும்.

மரக்கட்டை

பணத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியர் நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த விகிதம் இன்றும் மாறவில்லை: கனம் 1, அகலம் 2, நீளம் 4. சென்டிமீட்டரில் 3.5 × 7 × 14 என்று ஆசாரியிடம் எழுதிக் கொடுங்கள். முழுக்கட்டை 40, அரைக்கட்டை (நீளம் 7) 16, இரட்டைக்கட்டை (நீளம் 28) 16, மொத்தம் 72. கணக்குப் போட்டால் இது கிட்டத்தட்ட ஒரு கன அடி மரம். அறுப்பிலும் இழைப்பிலும் போவதைச் சேர்த்து ஒன்றேகால் முதல் ஒன்றரை கன அடி கேளுங்கள். பட்டறையில் கிடக்கும் பலா, அயினி, தேக்குத் துண்டுகளே போதும். நீளம் 28-க்கு மேல் வேண்டாமென்பதால் கதவு, ஜன்னல் செய்த மிச்சத்திலிருந்தே பெரும்பாலும் எடுத்துவிடலாம். கூலியோடு சேர்த்துக் கட்டுப்படியாகவில்லை என்றால் 40 முழுக்கட்டையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மற்றதைச் சேருங்கள். அளவை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். மருந்து ஏற்றி உலர்த்திய ரப்பர் மரம் நல்ல மரம்தான், உலகம் முழுக்கப் பொம்மைக்குப் பயன்படுவது. தோட்டத்தில் வெட்டி அப்படியே அறுத்த பச்சை மரம் வேறு. அதில் மாச்சத்து அதிகம், ஒரே மழைக்காலத்தில் நீலக்கறை பிடிக்கும், வண்டு துளைக்கும். எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பலாவுக்கே போங்கள்.

ஆசாரியிடம் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்: எல்லாக் கட்டையும் ஒரே இழைப்பில் வந்த பலகையிலிருந்து, தடைக்கட்டை (பலகையின் முனை முட்டி நிற்கும் கட்டை) வைத்து, ஒரே அளவில் அறுக்க வேண்டும். இரண்டு அரைக்கட்டை சேர்ந்தால் முழுக்கட்டையோடு விரல் தட்டாமல் பொருந்த வேண்டும். கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும், எட்டு அடுக்கு போனதும் ஒரு பக்கம் எட்டு மில்லிமீட்டர் உயர்ந்துவிடும், பாலம் பொருந்தாது. தன் கை சரியில்லை என்று பிள்ளை நினைக்கும், சரியில்லாதது கட்டைதான். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்பது நான்கு வயதில் கையில் ஏறும் கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்காமல் இருக்கத்தான் இந்தத் துல்லியம். விளிம்புகளை லேசாக மழுக்கி, 80, 120, 220 என்று மூன்று நம்பர் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். வார்னிஷ் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். வழுக்காத வெறும் மரமே நன்றாக நிற்கும். வேறு எதற்காவது பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய டப்பாவைத் தொடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நவம்பர் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நம் மரத்தடியில் கிடைப்பதும், தொடக் கூடாததும்

குமரி மாவட்டத்தில் சாமானுக்குப் பஞ்சமே இல்லை. சிரட்டை, ஈர்க்கில், புளியமுத்து, மாங்கொட்டை, பனங்கொட்டை, பாக்குமட்டை, தென்னம்பாளை எல்லாம் வேண்டிய அளவு கிடைக்கும். ஆனால் இதே மரத்தடியில் விஷமும் கிடக்கிறது. இந்தப் பத்தியை ஆயாவுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

குன்றிமணியை, நம் பக்கம் குன்னிமுத்து என்பார்களே, அதை அறைக்குள்ளேயே விடாதீர்கள். அழகான சிவப்பு, ஒரு முனையில் கறுப்புக் கண். உள்ளே இருப்பது அப்ரின் என்ற கடும் விஷம். தோல் முழுசாக இருந்தால் பெரும்பாலும் கரையாமல் வெளியேறிவிடும். கடித்தாலோ, மாலை கோக்க ஊசியால் துளைத்திருந்தாலோ அந்தத் தோல் காக்காது. அதே சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடிமுத்து இருக்கிறது. அது சற்றுப் பெரிது, தட்டையாக இதய வடிவில் இருக்கும், கறுப்புக் கண் கிடையாது. பெற்றோர் பையில் போட்டுக் கொடுத்தனுப்பும் விதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், இரண்டும் கலந்து வருவது சாதாரணம்.

ஆமணக்கு, காட்டாமணக்கு, மஞ்சளரளிக் காய் மூன்றும் விஷம். ரப்பர் கொட்டையின் புள்ளி வேலைப்பாடு பிள்ளைகளை இழுக்கும், ஆனால் பச்சைப் பருப்பில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது, எண்ணுவதற்குக்கூட வேண்டாம். அண்டியின் (முந்திரியின்) பச்சைக் கொட்டையும் கூடாது, அதன் தோட்டு எண்ணெய் பட்டால் கை பொள்ளிவிடும். தோவாளையிலிருந்து பூ வாங்கிக் கோக்க விடுவதாக இருந்தால் வாடாமல்லி எடுங்கள்: காம்பு உறுதி, இதழ் உதிராது, மூன்று நாள் நிற்கும். அரளிப்பூ மலிவாக இருந்தாலும் அதன் செடி முழுக்க விஷம்.

யாராவது எதையாவது மென்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்ச விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு, நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். விதையைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடியும்.

அடுத்தது தொண்டையில் சிக்குவது. ஒரு கெட்டி அட்டையை 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயாகச் சுருட்டி ஒட்டி, மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 5.5 சென்டிமீட்டர் போதும். அதற்குள் முழுதாக நுழைந்துவிடும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. உங்கள் அறையில் மூன்று நிறைந்தவர்கள்தான் என்றாலும், எல்லாவற்றையும் வாயில் போடும் பழக்கம் விடாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அவர்களுக்கும் இதே சட்டம். பயறுவகையில் இன்னொரு ஆபத்து உண்டு. மூக்குக்குள் போட்டால் ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும், எடுப்பது கஷ்டம். அதனால் பாசிப்பயறு, கடலைத் தட்டுகள் டீச்சர் கண் படும் இடத்தில் மட்டும். சின்னக் காந்தம், பட்டன் பேட்டரி உள்ள பொம்மை, தெர்மோகோல் மூன்றும் வேண்டாம். கடையில் வாங்கும் எந்தப் பொம்மையிலும் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் இது கட்டாயம்.

சிரட்டை எண் பெட்டி

0 முதல் 9 வரை எண்ணிப் போட மரப்பெட்டி கடையில் கிடைக்கும். அதைவிட நன்றாகப் பத்து சிரட்டையில் செய்யலாம். கண் உள்ள பாதியை விட்டுவிட்டு, கண் இல்லாத பாதியை எடுங்கள், ஓட்டை இருக்காது. ஒட்டியிருக்கும் தேங்காயை முழுக்கச் சுரண்டி, நான்கு நாள் வெயிலில் காய விடுங்கள். சுரண்டாமல் விட்டால் முதல் வாரம் எறும்பு, அடுத்த வாரம் பூஞ்சை. வெளிநாரை ஹேக்சா பிளேடின் ஓரத்தால் சுரண்டி, 60, பிறகு 120 உப்புத்தாள். வாய்விளிம்பு கையை அறுக்காமல் மழுங்க வேண்டும். கடைசியில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். அடி உருண்டையாக இருப்பதால் உருளும். கயிற்றை வளைத்துப் பத்து சிறு பிரிமணை சுற்றி, சிரட்டையின் அடியில் ஒட்டுங்கள். எண்ணைச் சிரட்டையிலேயே எழுதாமல், முன்னால் வைக்கும் அட்டையில் எழுதலாம். அப்போது பிற்பாடு வரிசையைக் கலைத்துக் கொடுக்க முடியும்.

போடுவதற்கு ஐஸ் குச்சி சரியாக 45. ஈர்க்கில் கண்ணைக் குத்தும், வேண்டாம். ஏன் 45? ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45. பிள்ளை எங்கோ ஒரு குச்சி கூடுதலாகப் போட்டிருந்தால் ஒன்பதுக்கு வரும்போது எட்டுதான் மிஞ்சும். டீச்சர் வாய் திறக்க வேண்டாம், பிள்ளையே திரும்பிப் போய்த் தேடும். பூஜ்யத்தின் சிரட்டை காலியாக நிற்பது இன்னொரு பாடம். ஒன்றும் இல்லாததற்கும் ஓர் இடம் உண்டு என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு குச்சி தொலைந்த நாளிலிருந்து இந்தச் சாமான் பொய் சொல்லத் தொடங்கும், சரியாகச் செய்த பிள்ளையையும் தப்பு என்று காட்டும். அதனால் குச்சி டப்பாவின் மூடியில் 45 என்று எழுதி, பத்து உபரிக் குச்சிகளை உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு வரிசைக்கும் இதே விதிதான். சிறு பிள்ளைகளுக்கான கல்விமுறை வகுத்த மரியா மாண்டிசோரியின் பத்துக் கனசதுரங்கள் 1 சென்டிமீட்டரிலிருந்து 10 வரை, ஒவ்வொன்றாக ஏறும். நீங்கள் செய்யும்போது ஐந்து போதும். ஒரே கனமுள்ள மூங்கிலை 4, 6, 8, 10, 12 சென்டிமீட்டர் என்று வெட்டுங்கள். வித்தியாசம் மிகக் குறைந்தால் மூன்று வயதுக் கண் தடுமாறும். ஐந்து சிரட்டையைக் குத்துமதிப்பாகப் பெரிது சிறிது என்று அடுக்கிக் கொடுப்பது இதனால்தான் தோற்கிறது: டீச்சருக்கே இரண்டாவது எது, மூன்றாவது எது என்று சந்தேகம் வரும்.

சிரட்டைத் தராசு

சந்தை மூலைக்கு இது ஒன்று இருந்தால் போதும், மற்றதைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். 45 சென்டிமீட்டர் நேரான மூங்கில் குச்சி. இருமுனையும் ஒரே பருமனாகப் பார்த்து எடுங்கள். நடு 22.5-இல், முனைகளிலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே இரண்டு இடத்தில் குறி. கவனிக்க வேண்டியது, நடுக்கயிறு குச்சியின் மேல்விளிம்பை ஒட்டியும், ஓரக்கயிறு இரண்டும் கீழ்விளிம்பை ஒட்டியும் துளைத்த ஓட்டையில் போக வேண்டும். தூக்கும் புள்ளி தொங்கும் புள்ளிகளைவிட உயரமாக இருந்தால்தான் தராசு ஆடி ஆடி நிலைக்கு வரும். கீழே இருந்தால் ஒரு பயறு கூடினாலும் குப்புறச் சாயும், நடுவில் நிற்கவே நிற்காது. சிரட்டை ஒவ்வொன்றிலும் சம தூரத்தில் மூன்று ஓட்டை, 25 சென்டிமீட்டர் கயிறு மூன்று. கட்டி முடித்ததும் ஒரு பக்கம் தாழ்ந்தால் எழும்பிய சிரட்டையின் அடியில் களிமண்ணை ஒட்டிச் சரிசெய்யுங்கள். சன்னல் கம்பியில் பிள்ளையின் மார்பு உயரத்தில் தொங்கவிடலாம்.

ஒரு பக்கம் மாங்கொட்டை, மறுபக்கம் புளியமுத்து என்று வைத்துவிட்டு, விலகி நின்று பாருங்கள். முதலில் பிள்ளை கைநிறைய அள்ளிப் போடும், தட்டு 'தொப்'பென்று இறங்கும். பாதியை எடுக்கும், மாங்கொட்டை இறங்கும். மறுபடி போடும். நாலைந்து தடவைக்குப் பிறகு கையின் வேகம் குறையும். மூன்று விரலால் எடுத்த இடத்தில் இரண்டு விரல் வரும், ஒவ்வொரு முத்தாகப் போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அந்த இரண்டு விரல் பிடிதான் பிறகு பென்சிலைப் பிடிக்கப் போகிறது. அந்த நேரத்தில் "எத்தனை முத்து?" என்று கேட்டுவிடாதீர்கள், நின்றபின் கேளுங்கள்.

எழுத்தும் ஒலியும்

இங்கேதான் வேறு மொழியில் பார்த்ததை அப்படியே தமிழுக்கு இழுத்துச் சிக்கிக்கொள்கிறோம். விரலால் தடவும் உப்புத்தாள் எழுத்துக்கும், முதல் ஒலியைக் கேட்டுப் பொருள் எடுக்கும் பெட்டிக்கும் ஒரே எழுத்து வரிசை வைக்க முடியாது.

தடவும் எழுத்துக்கு ட, ப, ம என்ற பழைய வரிசை சரிதான். ட மேலிருந்து இறங்கி வலப்பக்கம் போகிறது, ப இறங்கி, போய், ஏறுகிறது, ம-வில் ஒரு வளைவு கூடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்று வளரும். அட்டை 15 × 20 சென்டிமீட்டர், எழுத்து 10 உயரம், கோடு 1 சென்டிமீட்டர் அகலம். உப்புத்தாள் 120-ஆம் நம்பர். 60 போட்டால் விரல் எரியும், ஒருமுறை தொட்ட பிள்ளை மறுமுறை தொடாது. தாளின் பின்பக்கம் வரைந்து வெட்டுகிறீர்கள் என்றால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். இதை மறந்து, வெட்டி ஒட்டிய பிறகு இடவலம் மாறிய ட அட்டையோடு நிற்பது எல்லோருக்கும் நடக்கும். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். ஃபெவிகால் தடவி, புத்தகக் கட்டின் கீழே ஓரிரவு வைத்தால் ஓரம் எழும்பாது. 247 எழுத்துக்கும் செய்ய உட்காராதீர்கள். ஜூனில் 6, ஆண்டு முடிவுக்குள் உயிர் 12-ம் அகரமேறிய மெய் 18-ம் சேர்த்து 30 போதும்.

ஒலிப் பெட்டிக்கு ட உதவாது. தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்குவதில்லை. டம்ளர், டார்ச் என்று இரவல் சொற்களைத்தான் போட வேண்டியிருக்கும். ம-வில் தொடங்குங்கள். ம எங்கே வந்தாலும் ம-தான்: மணி, மஞ்சள், மஞ்சாடி, மண்சட்டி. அடுத்து ந, வ: நகவெட்டி, நண்டு பொம்மை, வளையல், வடம். ப வரும்போது கவனம் வேண்டும். பந்து, பஞ்சு, பலகை போடலாம். பஸ் பொம்மையும் பல்பும் போடக் கூடாது. எழுத்தில் ப-தான், ஆனால் காதில் விழுவது வேறு ஒலி. நான்கு வயதுப் பிள்ளை எழுத்தைப் பார்ப்பதில்லை, காதால் கேட்கிறது. பஸ்ஸை ஒதுக்கி வைக்கும் பிள்ளை சரியாகத்தான் செய்கிறது, பெட்டிதான் தப்பு. க, த, ச மூன்றிலும் இதே சோதனை. ஒவ்வொரு பொருளையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, முதல் ஒலி ஒத்துப்போனால் மட்டும் பெட்டிக்குள். ஒரு பெட்டிக்கு இரண்டு எழுத்து, எழுத்துக்கு நான்கு பொருள். எட்டுக்கு மேல் போனால் கவனம் சிதறும்.

படஅட்டையில் பலாப்பழம் இருக்கும், பிள்ளை "சக்கை" என்று சொல்லும். மரவள்ளிக்கிழங்குப் படத்துக்கு "மரச்சீனி" என்று சொல்லும். தப்பென்று திருத்தாதீர்கள். "ஆமா மக்களே, சக்கை. பலாப்பழம்னும் சொல்லுவாங்க" என்றால் ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் கிடைக்கிறது. விளவங்கோடு, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வரும் சில பிள்ளைகளின் வீட்டில் மலையாளம் இருக்கும், அவர்களுக்கும் இதே வழி. முதல் ஒலிப் பெட்டியில் மட்டும், பிள்ளை அந்தப் பொருளை வீட்டில் என்ன பெயரால் சொல்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போடுங்கள். ச-வுக்குச் சக்கை போடலாம், ப-வுக்குப் பலா போட்டால் குழப்பம்.

மணல், மண், தண்ணீர்

மணல் தட்டு 30 × 40 சென்டிமீட்டர், ஓரம் 5 சென்டிமீட்டர் உயரம். அடியில் கறுப்பு அல்லது நீலத் தாள் ஒட்டுங்கள். மணல் ஒரு சென்டிமீட்டர் கனம்தான் இருக்க வேண்டும். கூடினால் விரல் போன தடத்தில் நிறம் தெரியாது. ஆற்றுமணலை மாவரிப்பில் சலித்து, நீர் தெளியும்வரை நாலைந்து முறை கழுவி, காயவைத்துப் பயன்படுத்துங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அதன் தூசு நெஞ்சுக்கு ஆகாது. கடற்கரை மணலிலும் உப்பு இருப்பதால் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், கையும் அரிக்கும். மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கறுப்பு மணல் பார்க்க அழகாக இருக்கும்; அதில் மோனசைட் உண்டு, மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. பூட்டிய அறையில் பிள்ளைகள் அளைவதற்கு அதைக் கொண்டுவர வேண்டாம். வீடியோக்களில் தூள் உப்பைத் தட்டில் பரப்பிக் காட்டுவார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் அது ஜூலையில் உப்புநீர் ஆகிவிடும்.

களிமண்ணுக்குச் சுங்கான்கடையில் மண்பாண்டம் செய்வோரிடம் மிதித்துப் பக்குவப்படுத்திய மண் கேளுங்கள். தோண்டிய மண்ணைவிட அது மேல், கல்லும் கண்ணாடித் துண்டும் இருக்காது. ஐந்து கிலோ போதும். ஒரே நேரத்தில் நான்கு பேர், ஆளுக்கு அரைக் கிலோ. கால் கிலோ கொடுத்தால் பாம்பு மட்டும்தான் உருட்டுவார்கள்; அரைக் கிலோவில் சட்டி, அடுப்பு, படகு வரும். மூடியுள்ள வாளியில் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். காய்ந்தால் உடைத்து ஓரிரவு ஊறவிடுங்கள். குழைந்தால் காய்ந்த ஓட்டின்மேல் பரப்பினால் ஓடு நீரை உறிஞ்சிவிடும். கை கழுவிய நீரைத் தோட்டத்தில் ஊற்றுங்கள், குழாயடிச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீருக்கு, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்த பிவிசி குழாய் மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர். செங்கற்களை உயரம் குறைந்து வரும்படி அடுக்கி, மேலே குழாயைச் சேர்த்தால் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் குறுக்கே 1966 முதல் நிற்கும் அந்தப் பாலத்தை உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் பார்த்திருப்பார்கள், அதன் படத்தைச் சுவரில் அவர்கள் கண் உயரத்தில் ஒட்டுங்கள். ஒரு குழாய்க்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் போதும். இணைப்பில் மேல்குழாய் கீழ்க்குழாயின் உள்ளே உட்கார வேண்டும், மாற்றி வைத்தால் ஒழுகும். இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், ஒழுகட்டும். மரக்கட்டையை இந்த விளையாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

அலமாரி, தட்டு, மழைக்காலம்

பூட்டிய பீரோவில் இருப்பது கற்றல் சாமான் அல்ல, இருப்புக் கணக்கு. திறந்த தட்டு அலமாரி வேண்டும்: மேல்தட்டு தரையிலிருந்து 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஆழம் 30, மூன்றடுக்கு, சுவரோடு திருகிப் பிடித்தது. கீழ்த்தட்டு தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்திலும், பின்பக்கம் சுவரிலிருந்து விரல்கடை இடைவெளியோடும் இருந்தால் கரையானும் ஈரமும் சட்டென்று ஏறாது. ஒரு வேலைக்கு ஒரு தட்டு. பாக்குமட்டைத் தட்டு மலிவு, ஆனால் மழையில் பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தரையில் வேலை செய்ய ஆளுக்கொரு பனையோலைத் தடுக்கு. ஓரத்தில் துணி வைத்துத் தைக்காவிட்டால் ஓலை சிலாம்பு விரலில் ஏறும். தடுக்கு விரித்த இடம் அந்தப் பிள்ளையின் இடம் என்று பழகிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

அட்டைகளை லேமினேட் செய்தால் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் ஓரம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் அந்த வழியாக ஈரம் போய் உள்ளேயே கறுத்துவிடும். ஜூன் முதல் டிசம்பர் வரை, வெயில் அடிக்கும் நாளெல்லாம் ஓலையும் மரமும் ஒரு மணி நேரம் வெளியே வர வேண்டும். ஒலி டப்பாவில் அரிசி, பயறு போட்டால் வறுத்துப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு மாதத்தில் வண்டு வைத்து ஒலியே மாறிவிடும். ஆறு ஜோடி, மூன்றில் ஒரு பங்கு நிரப்பு, மூடியைப் பசை போட்டு ஒட்டு, அடியில் ஜோடிக்கு ஒரே நிறப் புள்ளி: இவ்வளவுதான் அந்தச் சாமான்.

பெற்றோர் கேட்பது

"வெளையாட்டுதானா டீச்சர், எப்ப எழுதுவான்?" என்று ஜூன் மாதமே கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது, படிப்பின்மேல் அக்கறை உள்ளவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள். மணிக்கட்டில் எட்டு எலும்புகள்; மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் ஏறக்குறைய மூன்றுதான் தெரியும், மற்றவை இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கையில் நாலுகோட்டு நோட்டைத் திணிப்பதற்கு முன், மண் பிசைந்து, முத்து எடுத்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி அது பலப்பட வேண்டும். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், மாதம் ஒருநாள் காலை அரைமணி நேரம் பெற்றோரையே அறைக்குள் உட்கார வையுங்கள். தராசின் முன்னால் நிற்கும் தன் பிள்ளையைப் பார்த்தால் அந்தக் கேள்வி குறையும்.

முதல் வாரம்

எல்லாவற்றையும் முதல்நாளே அடுக்கினால் பத்து மணிக்குள் எல்லாம் தரையில் ஒரு குவியலாகும். முதல் வாரம் 22 பேரும் மொத்தமாக வருவதில்லை, வருகிறவர்களில் பாதிப்பேர் அழுதுகொண்டு ஆயாவின் இடுப்பில் இருப்பார்கள். திங்கட்கிழமை கட்டை, களிமண், வீட்டு மூலை, ஆறு தட்டு போதும். பிறகு நாளுக்கு ஒரு தட்டு. புதிய தட்டை இரண்டு நிமிடத்தில், அதிகம் பேசாமல், மெதுவாகச் செய்து காட்டி, எடுத்த இடத்தில் வைப்பதுவரை காட்டுங்கள். வைப்பதும் வேலையில் சேர்ந்தது. தராசையும் மணல் தட்டையும் இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விளையாட்டு மூன்றாவது வாரம், மாற்றுத்துணி கொண்டுவரச் சொன்னபிறகு. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனதும் மூடியில் எழுதிய எண்ணிக்கையோடு ஒவ்வொரு டப்பாவையும் எண்ணிப் பாருங்கள். குறைந்ததை அன்றே உபரியிலிருந்து நிரப்புங்கள். முடியாவிட்டால் அந்தத் தட்டைத் திங்கட்கிழமை அலமாரியில் வைக்காதீர்கள்.